வளாகங்களில் யூத வெறுப்பு: பாதுகாப்புச் சட்டம் யார் கையில்?

2025 மார்ச் 7 அன்று அமெரிக்க அரசு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வழங்கிவந்த 400 மில்லியன் டாலர் மதிப்புள்ள மானியங்களையும் ஒப்பந்தங்களையும் ரத்து செய்தது. யூத மாணவர்களைத் தொல்லையிலிருந்து காக்கப் பல்கலைக்கழகம் தவறிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். அவ்வாண்டு ஜூலையில் கொலம்பியா உடன்பாட்டுக்கு வந்தது. அரசுக்கு மூன்றாண்டுகளில் 200 மில்லியன் டாலரும், யூதப் பணியாளர்களின் முறையீடுகளைத் தீர்க்க 21 மில்லியன் டாலரும் தர ஒப்புக்கொண்டது. 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் பயின்ற பல்கலைக்கழகம் அது என்பதால் இச்செய்தி நம்மவர்களிடையே சற்றுக் கூடுதலாகவே பேசப்பட்டது.

பேசப்பட்ட விதம்தான் கவலைக்குரியது. பாலஸ்தீன மக்களுக்கு ஆதரவான குரலை நசுக்குவதற்குப் புனையப்பட்ட நாடகம் இது, யூத வெறுப்பு என்று அங்கு எதுவும் இல்லை என்றனர் ஒரு சாரார். இன்னொரு சாரார், ஒடுக்கப்பட்ட சமூகத்துக்காக ஓர் அரசு இவ்வளவு கடுமையாக நடந்துகொள்கிறதே, நம் பிள்ளைகள் வளாகங்களில் மாண்டபோது எந்த அரசு இப்படி எழுந்தது என்று ஏக்கத்தோடு கேட்டனர். இரண்டு பார்வைகளும் பிழையானவை என்பதே இக்கட்டுரையின் வாதம். அமெரிக்க வளாகங்களில் யூத வெறுப்பு உண்மையாகவே இருக்கிறது. அதை எதிர்கொள்வதாகச் சொல்லி 2025-இல் அந்நாட்டு அரசு கையாண்ட வழி, அதே சட்டத்தை நம்பியிருக்கும் பிறரின் பாதுகாப்பையும் சேர்த்தே அரிக்கிறது. அந்தப் பிறருள் தலித் மாணவர்களும் அடக்கம்.

ஒரு நூற்றாண்டுக் கதை

யூத வெறுப்பு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதன்று. 1900-இல் ஹார்வர்டில் சேர்ந்த மாணவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே யூதர்கள். 1922-இல் அது 21 விழுக்காட்டைத் தாண்டியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகள் நுழைவுத் தேர்வில் வென்று உள்ளே வந்தனர். அப்போதைய தலைவர் லோவெல் இதைக் கண்டு கலங்கினார். யூதர்களின் எண்ணிக்கைக்கு 15 விழுக்காடு உச்சவரம்பு வைக்க முனைந்தார். யூதர் தொகை கூடினால் அவர்கள் மீதான வெறுப்பும் கூடும், ஆகவே அவர்களைக் குறைப்பது அவர்களுக்கே நல்லது என்பது அவர் சொன்ன நியாயம். ஊர்த் தெருவில் நடக்காதிருந்தால் உனக்கு அடி விழாது என்று நம்மிடம் சொல்லப்படும் நியாயத்துக்கு இது அண்ணன் முறை.

வெளிப்படையான ஒதுக்கீட்டு வரம்பை ஆசிரியர் குழு 1923-இல் ஏற்க மறுத்தது. ஆனால் அதன்பின் வந்த முறை அதைவிட நுட்பமானது. மதிப்பெண் மட்டும் போதாது, 'குணநலன்' பார்க்க வேண்டும் என்றனர். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்டனர். தந்தையின் பெயர் பிறந்த பிறகு மாற்றப்பட்டதா என்று கேட்டனர். யூதர்கள் தேர்வில் வெல்லத் தொடங்கியதும் 'தகுதி' என்ற சொல்லின் பொருளே மாற்றப்பட்டது. எழுத்துத் தேர்வில் முன்னிலை பெற்று நேர்முகத் தேர்வில் ஒற்றை இலக்க மதிப்பெண் வாங்கித் திரும்பும் நம் மாணவர்களுக்கு இந்த உத்தியை விளக்கத் தேவையில்லை.

கொலம்பியாவும் இதில் பின்தங்கவில்லை. முதல் உலகப்போருக்குப் பின் அங்கு புகுத்தப்பட்ட சேர்க்கை முறைகளால் யூத மாணவர்களின் விகிதம் பெரிதும் சரிந்தது. 1928-இல் புரூக்ளினில் சேத் லோ என்றொரு இளநிலைக் கல்லூரியைக் கொலம்பியா தொடங்கியது. தாய்க் கல்லூரிக்குள் விரும்பப்படாத யூத, இத்தாலியக் குடும்பப் பிள்ளைகள் அங்கு அனுப்பப்பட்டனர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவும் அப்படி அனுப்பப்பட்டவர்தான். ஒரே நிறுவனம், ஒரே பட்டயம், ஆனால் தனிச் சேரி.

இந்த அவமதிப்புகளின் பின்னணியில்தான் அமெரிக்க யூதச் சமூகம் 1948-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தை நிறுவியது. அதே பிராண்டைஸ் 2019 டிசம்பரில் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் பல்கலைக்கழகம் அதுவே. வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் நினைவு, வேறொரு வாசலில் நிற்பவர்களைக் கண்டுகொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அண்ணல் அம்பேத்கரும், நாஜிகளின் யூத வெறுப்பும் தீண்டப்படாதோர் மீதான சனாதனத்தின் வெறுப்பும் கருத்தியலால் ஒன்றே என எழுதினார். யூதர்களின் துயரம் நமக்குத் தொடர்பற்ற அயல்நாட்டுச் செய்தி என்று அவர் கருதியதில்லை.

2023-க்குப் பின்

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். 250-க்கும் மேற்பட்டோர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து காசா மீது இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டனர். குழந்தைகள் பெருந்தொகையாக மாண்டனர். அமெரிக்க மாணவர்கள் அந்தப் போருக்கு எதிராகத் திரண்டதில் வியப்பில்லை. அப்போராட்டங்களில் யூத மாணவர்களும் கணிசமாகப் பங்கேற்றனர் என்பதை மறக்கலாகாது.

ஆனால் அதே மாதங்களில் வேறு சிலவும் நடந்தன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களைக் கொல்வதாக இணையத்தில் மிரட்டிய மாணவர் ஒருவருக்கு 2024-இல் 21 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நியூயார்க் நகரின் கூப்பர் யூனியன் கல்லூரியில் யூத மாணவர்கள் நூலகத்துக்குள் இருக்க, வெளியே ஆர்ப்பாட்டக்காரர்கள் கதவுகளையும் கண்ணாடிகளையும் தட்டி முழக்கமிட்டனர். கொலம்பியாவுக்கு வெளியே யூத மாணவர்களை நோக்கிப் போலந்துக்குத் திரும்பிப் போகுமாறு சிலர் கூவினர். அந்தப் போலந்தில்தான் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் இருந்தது. கொலம்பியா போராட்டத்தின் முன்னணியில் இருந்த மாணவர் ஒருவர், சயோனிஸ்டுகளுக்கு வாழும் உரிமை இல்லை என்று பேசிய காணொளி வெளியானது. இவற்றைச் செய்தோர் போராட்டத்தின் பெரும்பான்மையினர் அல்லர். ஆயினும் அந்தச் சொல் பாய்ந்த மாணவருக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது. விடுதியில் நம் பிள்ளையின் சாதியைச் சொல்லி ஏளனம் செய்பவன் ஒருவன்தான், மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் நல்லவர்கள் என்று விடுதிக் காப்பாளர் சொன்னால் நாம் ஏற்போமா?

2023 டிசம்பர் 5 அன்று ஹார்வர்ட், பென்சில்வேனியா, எம்.ஐ.டி. ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் தலைவர்களும் நாடாளுமன்றக் குழுமுன் நிறுத்தப்பட்டனர். யூதர்களை இனப்படுகொலை செய்ய அழைப்பு விடுப்பது உங்கள் விதிகளுக்கு முரணா என்று கேட்கப்பட்டபோது, அது சூழலைப் பொறுத்தது என்ற பொருளில் விடையளித்தனர். பென்சில்வேனியாவின் தலைவர் நான்கே நாட்களில் பதவி விலகினார். ஹார்வர்டின் முதல் கருப்பினத் தலைவரான கிளாடின் கே 2024 ஜனவரியில் விலகினார். சூழலைப் பொறுத்தது என்பது சட்டப்படி முற்றிலும் தவறான விடை அன்று. அதன் குறை வேறு. பிற சமூகங்களைப் புண்படுத்தும் சொற்களுக்கு விரைந்து கண்டன அறிக்கை வெளியிட்டுப் பழகிய நிறுவனங்கள், யூதர் விஷயத்தில் மட்டும் பேச்சுரிமையின் நுணுக்கங்களை நினைவுகூர்ந்ததாகத் தோன்றியது. அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்ற ஐயம் எழுந்தபின் எந்த நடுநிலைமையும் எடுபடாது.

சட்டம் உண்மையில் சொல்வது என்ன?

இவ்விவகாரத்தின் மையத்தில் இருப்பது 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி. கருப்பின மக்களின் போராட்டத்தில் விளைந்த சட்டம் அது. அரசு நிதி பெறும் எந்த நிறுவனமும் இனம், நிறம், தேசிய மூலம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. இப்பட்டியலில் மதம் இல்லை. எனவே யூதர்களுக்கு இது பொருந்துமா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 2004-இல் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகம் ஒரு விளக்கம் தந்தது. ஒரு மதக் குழுவினர் பொதுவான மூதாதை வழியைக் கொண்டவர்களாகவும் பார்க்கப்பட்டு, அதன்பேரில் துன்புறுத்தப்பட்டால் சட்டம் அவர்களைக் காக்கும் என்பதே அது. 2010-இல் அது மீண்டும் உறுதிசெய்யப்பட்டது.

நம் வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மூதாதை வழி என்ற இந்தக் கதவுதான் நமக்கும் உரியது. 2023-இல் கலிபோர்னியாவின் இரு அவைகளும் நிறைவேற்றிய சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதாவை ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பியபோது, மூதாதை வழி உள்ளிட்ட நடப்பு வகைப்பாடுகளிலேயே சாதி அடங்கும் என்று காரணம் சொன்னார். அதாவது சாதி என்ற சொல் சட்டத்தில் இல்லாதவரை, அமெரிக்க வளாகத்தில் ஒரு தலித் மாணவர் நீதி கேட்டுச் செல்ல வேண்டிய வழி, யூத மாணவர்கள் இன்று நடந்துகொண்டிருக்கும் அதே வழிதான். அவர்களின் வழக்குகளில் நீதிமன்றங்கள் வகுக்கும் அளவுகோல்கள் நாளை நம் வழக்குகளை அளக்கும். இவ்வழக்குகளை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியதன் முதற்காரணம் இதுவே.

அந்த அளவுகோல் எளிதன்று. 1999-இல் டேவிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பாலியல் தொல்லை குறித்து ஒரு வரையறை தந்தது. தொல்லை கடுமையானதாக, பரவலானதாக, எவர் பார்வையிலும் அருவருக்கத்தக்கதாக இருக்க வேண்டும். அதனால் கல்வி வாய்ப்பே தடைபட்டிருக்க வேண்டும். நிறுவனம் அதை அறிந்தும் வேண்டுமென்றே அலட்சியம் காட்டியிருக்க வேண்டும். பின்னர் ஆறாம் பகுதி வழக்குகளுக்கும் நீதிமன்றங்கள் இதையே பின்பற்றின.

இந்த அளவுகோல் செயல்பட்ட விதத்தை மூன்று வழக்குகள் காட்டுகின்றன. பாஸ்டனில் நீதிபதி ஸ்டெர்ன்ஸ், எம்.ஐ.டி.க்கு எதிராக யூத மாணவர்கள் தொடுத்த வழக்கை 2024 ஜூலையில் தள்ளுபடி செய்தார். நிர்வாகத்தின் நடவடிக்கைகள் குறையற்றவை அல்ல, ஆயினும் அது கைகட்டி நிற்கவில்லை என்றார். அடுத்த மாதமே அதே நீதிபதி ஹார்வர்டுக்கு எதிரான வழக்கைத் தொடர அனுமதித்தார். அங்கு புகார்கள் வந்தும் நிர்வாகம் தடுமாறியது, யூத மாணவர்களைக் கைவிட்டது என்று அவர் கண்டார். 2025 பிப்ரவரியில் கூப்பர் யூனியன் வழக்கில் நியூயார்க் நீதிபதி கிரோனன் கோட்டை இன்னும் துல்லியமாக இழுத்தார். பொதுவெளியில் அரசியல் முழக்கமிடுவது, துண்டறிக்கை ஒட்டுவது முதலானவை எவ்வளவு கசப்பானவையாக இருப்பினும் பேச்சுரிமைக்குள் அடங்கும். நூலகத்துக்குள் இருக்கும் அடையாளம் காணத்தக்க யூத மாணவர்களைச் சூழ்ந்து அச்சுறுத்துவது அதற்குள் அடங்காது. எம்.ஐ.டி. வழக்கின் மேல்முறையீட்டை 2025 அக்டோபரில் நிராகரித்த நீதிமன்றமும் ஏறத்தாழ இதே திசையில் சென்றது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. நீதிமன்றங்கள் கருத்தை எடைபோடவில்லை. யாரை நோக்கி, எங்கு, எவ்வளவு தொடர்ச்சியாக, என்ன விளைவோடு என்று பார்த்தன. அதன்பின் நிறுவனம் என்ன செய்தது என்று பார்த்தன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்காடும் வழக்கறிஞர்கள் இந்த இரண்டாம் கேள்விக்கு ஏங்குகிறோம். நம் சட்டம் தனிமனிதக் குற்றவாளியைத் தேடுகிறது. அவன் சொன்ன சொல், அவன் நோக்கம், அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடமா என்று ஒவ்வொன்றாக மெய்ப்பிக்கச் சொல்கிறது. ஆய்வு நெறியாளர் ஒதுக்குவது, உதவித்தொகை தாமதப்படுவது, விடுதியில் தனித்துவிடப்படுவது என நிறுவனமே மெல்ல மெல்லச் செய்யும் கொடுமை அந்த வலையில் சிக்குவதில்லை. ரோகித் வெமுலாவின் தாயும் பாயல் தட்வியின் தாயும் 2019-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது இந்த இடைவெளியைச் சுட்டித்தான். 2012-இல் பல்கலைக்கழக மானியக் குழு இயற்றிய சமத்துவ விதிகள் பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்கின என்பது அவர்களின் முறையீடு.

வரையறையின் அரசியல்

யூத வெறுப்பு என்றால் என்ன என்பதைச் சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு 2016-இல் வரையறுத்தது. வரையறை இரண்டு வாக்கியங்கள்தான். சிக்கல் அதனுடன் இணைந்த 11 எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. அவற்றுள் சில ஐயத்துக்கு இடமற்றவை. உலகை யூதர்கள் மறைவாக ஆள்கிறார்கள் என்ற கட்டுக்கதை, இனப்படுகொலை நடக்கவே இல்லை என்ற மறுப்பு, இஸ்ரேல் அரசின் செயலுக்கு யூதர் அனைவரையும் பொறுப்பாக்குவது ஆகியவை அத்தகையவை. ஆனால் இஸ்ரேல் என்ற அரசின் இருப்பை இனவாத முயற்சி என்று கூறுவதும், இஸ்ரேலின் கொள்கையை நாஜிகளின் கொள்கையோடு ஒப்பிடுவதும் அதே பட்டியலில் இடம்பெறுகின்றன. அந்த ஒப்பீடுகள் நியாயமானவையா என்பது விவாதத்துக்குரியது. விவாதத்துக்குரிய ஒன்றைச் சட்டத்தின் தடைப்பட்டியலில் சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி.

இந்த வாசகத்தின் முதன்மை ஆசிரியரான கென்னத் ஸ்டெர்ன் ஒரு யூத வழக்கறிஞர். தரவு சேகரிப்புக்காக எழுதப்பட்ட வாசகம் இது, வளாகப் பேச்சைக் கட்டுப்படுத்துவதற்கான விதியாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவரே பலமுறை எச்சரித்திருக்கிறார். ஆயினும் 2019 டிசம்பரில் டிரம்ப் அரசு, ஆறாம் பகுதிப் புகார்களை ஆராயும்போது இவ்வரையறையைக் கருத்தில் கொள்ளுமாறு ஆணையிட்டது. 2024 மே மாதம் அமெரிக்கக் கீழவை 320-க்கு 91 என்ற வாக்குகளில் இதையே மசோதாவாக நிறைவேற்றியது. மேலவையில் அது சட்டமாகவில்லை. ஹார்வர்டும் கொலம்பியாவும் 2025-இல் தங்கள் விதிமுறைகளில் இதை ஏற்றன. மாற்றாக 2021-இல் யூத வரலாறு, இனப்படுகொலை ஆய்வு ஆகிய துறைகளின் அறிஞர் பலர் கையெழுத்திட்ட எருசலேம் பிரகடனம் வந்தது. யூதரை யூதர் என்பதற்காக வெறுப்பதையும் ஓர் அரசை எதிர்ப்பதையும் அது தெளிவாகப் பிரிக்கிறது.

இது நமக்கு ஏன் முக்கியம்? அமெரிக்காவில் சாதிக்கு எதிரான கொள்கைகளை எதிர்க்கும் அமைப்புகள் இந்தப் பாதையை உற்றுநோக்கிக்கொண்டிருக்கின்றன. 2022 ஜனவரியில் 23 வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் சாதியைப் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சேர்த்தபோது, அது இந்துக்களைக் குறிவைப்பதாகக் கூறிப் பேராசிரியர் இருவர் வழக்குத் தொடுத்தனர். 2023-இல் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றம் 'இந்து வெறுப்பை'க் கண்டிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. இந்துக்கள் மீதான தாக்குதலைக் கண்டிப்பதில் நமக்கு மறுப்பில்லை. கோயில் சுவரில் கிறுக்குவதும் பொட்டு வைத்த பெண்ணை இழிவுபடுத்துவதும் குற்றமே. ஆனால் மதநூலை விமர்சிப்பதும் சாதியை இந்து சமூகத்தின் நோய் என்று சொல்வதும் வெறுப்பின் எடுத்துக்காட்டுகளாக ஒரு பட்டியலில் ஏறிவிட்டால், அதன்பின் 'சாதி ஒழிப்பு' நூலை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் மீதே புகார் வரும். 1927 டிசம்பர் 25 அன்று மகாட்டில் மனுஸ்மிருதிக்கு இட்ட தீயை நினைவுகூரும் மாணவர் வட்டம் விசாரணையை எதிர்கொள்ளும்.

இந்தக் கோட்பாட்டை நாம் நமக்கும் பொருத்தியாக வேண்டும். பார்ப்பனியத்தை வேரறுக்க வாதிடுவது நம் உரிமை, கடமையும்கூட. ஒரு குறிப்பிட்ட மாணவரை அவர் பிறப்பைச் சொல்லி வகுப்பில் சூழ்ந்து அவமதிப்பது அந்த உரிமைக்குள் வராது. அவ்வாறே, தமிழ்நாட்டில் பாலஸ்தீன ஆதரவுக் கூட்டங்களில் இஸ்ரேல் அரசு என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'யூதர்கள்' என்று சொல்லிப் போகும் பழக்கம் நிலவுகிறது. புத்தகக் கடைகளில் ஹிட்லரின் வரலாறு தன்னம்பிக்கை நூல்களின் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கிறது. அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்ற ஒருவனின் 'மன உறுதி'யை வியக்கும் பேச்சு நம் இளைஞர்களிடமும் கேட்கிறது. பிறப்பால் மனிதரை இழிந்தவர் என்ற கோட்பாட்டின் உச்சம்தான் நாஜியம். அம்பேத்கரியர் நாவில் அந்த வியப்புக்கு இடமிருக்கக் கூடாது.

2025: மருந்தா, வேறு நோயா?

ஆறாம் பகுதியை மீறிய நிறுவனத்தின் நிதியை நிறுத்தச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் அதற்குப் படிகள் உண்டு. முதலில் அறிவிப்புத் தர வேண்டும். தானாக முன்வந்து திருத்திக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும். விசாரணை நடத்திப் பதிவான சான்றின்மேல் முடிவு காண வேண்டும். நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தந்து 30 நாள் காத்திருக்க வேண்டும். மீறல் நடந்த குறிப்பிட்ட திட்டத்தின் நிதியை மட்டுமே நிறுத்தலாம். 1964-இல் இப்படிகள் வைக்கப்பட்டது அதிகாரம் தான்தோன்றித்தனமாக மாறாதிருக்கத்தான்.

2025-இல் இப்படிகள் தாண்டப்பட்டன. ஹார்வர்டுக்கு ஏப்ரலில் அனுப்பப்பட்ட கோரிக்கைக் கடிதத்தில் யூத மாணவர் பாதுகாப்போடு வேறு பலவும் இருந்தன. மாணவர், ஆசிரியரின் கருத்துநிலைகளைத் தணிக்கை செய்ய வேண்டும், பன்மைத்துவ, சமத்துவத் திட்டங்களை மூட வேண்டும் என்றெல்லாம் அரசு கேட்டது. ஹார்வர்ட் மறுத்தவுடன் 2.2 பில்லியன் டாலர் மானியம் முடக்கப்பட்டது. முடக்கப்பட்டவற்றுள் மருத்துவ ஆராய்ச்சிகளும் இருந்தன. புற்றுநோய் ஆய்வுக்கூடத்தை மூடுவதால் எந்த யூத மாணவர் பாதுகாப்புப் பெறுவார்? 2025 செப்டம்பர் 3 அன்று நீதிபதி அலிசன் பரோஸ் இந்த முடக்கம் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தார். ஹார்வர்ட் வெறுப்பை நெடுநாள் பொறுத்துக்கொண்டது தவறு என்று கூறிய அவரே, அரசு யூத வெறுப்பு என்ற காரணத்தைத் திரையாகப் பயன்படுத்திப் பல்கலைக்கழகங்களைத் தாக்கியது என்றும் கண்டார். இரண்டு உண்மைகளும் ஒரே தீர்ப்பில் இடம்பெற்றன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதே காலத்தில்தான் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தின் 12 வட்டார அலுவலகங்களில் 7 மூடப்பட்டன. யூத மாணவர் தரும் புகாரைப் பிரித்துப் படித்து விசாரிக்க வேண்டிய அலுவலர்களே வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். வெறுப்பை ஒழிப்பதே நோக்கமாக இருந்திருந்தால் அந்த அலுவலகங்களுக்கு ஆள் கூட்டியிருப்பார்கள்.

மூன்றாவது ஆயுதம் குடியேற்றச் சட்டம். கொலம்பியா போராட்டத்தின் பேச்சாளராக இருந்த மஹ்மூத் கலீல், நிரந்தரக் குடியுரிமை அனுமதி பெற்றவர். எக்குற்றச்சாட்டும் பதியப்படாத நிலையில் 2025 மார்ச் 8 அன்று கைதுசெய்யப்பட்டு மூன்று மாதங்களுக்கு மேல் அடைத்துவைக்கப்பட்டார். கொலம்பியாவில் ஆய்வு செய்துவந்த இந்திய மாணவி ஒருவர் விசா பறிக்கப்பட்டு நாட்டைவிட்டு வெளியேறினார். செப்டம்பர் 30 அன்று நீதிபதி வில்லியம் யங், பாலஸ்தீன ஆதரவுக் கருத்துக்காக அயல்நாட்டு அறிஞர்களைக் குறிவைத்த கொள்கை பேச்சுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார். அமெரிக்கா செல்லும் நம் முதல் தலைமுறை மாணவர்களில் பெரும்பாலோர் விசாவை நம்பியே அங்கு வாழ்பவர்கள். சாதியைப் பற்றிப் பேசினாலும் போரைப் பற்றிப் பேசினாலும் விசா போகும் என்ற அச்சம் அவர்களை வாயடைக்கும். அந்த அச்சத்தால் ஆதாயம் பெறுவோர் யூத மாணவர்கள் அல்லர்.

எது தீர்வு?

யூத மாணவர்களின் பாதுகாப்பைப் பொருட்படுத்தும் எவரும் நான்கு செய்திகளைக் கேட்க வேண்டும். முதலாவது, புகாரை வாங்கிக் குறித்த காலத்துக்குள் விசாரித்துப் பதிலளிக்கும் பயிற்சி பெற்ற அலுவலகம் ஒவ்வொரு வளாகத்திலும் வேண்டும். எம்.ஐ.டி.க்கும் ஹார்வர்டுக்கும் தீர்ப்பு வேறுபட்டது இதனால்தான். இரண்டாவது, இடம், நேரம், ஒலிபெருக்கி, கூடாரம் பற்றிய விதிகள் எல்லாப் போராட்டத்துக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நூலகக் கதவை மறிப்பவர் எந்தக் கொடி பிடித்தாலும் அதே நடவடிக்கை. லாஸ் ஏஞ்சலிஸில் யூத மாணவர்களின் வழி மறிக்கப்பட்டதற்காகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மீது நீதிமன்றத் தடையாணை பிறந்தது. அதே வளாகத்தில் பாலஸ்தீன ஆதரவுக் கூடாரங்களை ஒரு கும்பல் இரவெல்லாம் தாக்கியபோது காவல்துறை மணிக்கணக்கில் தலையிடவில்லை. இரண்டும் ஒரே தோல்விதான்.

மூன்றாவது, ஒரு சமூகத்தின் அச்சத்தை இன்னொரு சமூகத்தின் அச்சத்துக்கு எதிராக நிறுத்தக் கூடாது. ஹார்வர்ட் அமைத்த இரு குழுக்கள், யூத வெறுப்பு பற்றி ஒன்றும், முஸ்லிம், அரபு, பாலஸ்தீனியர் மீதான வெறுப்பு பற்றி மற்றொன்றுமாக, 2025 ஏப்ரலில் ஒரே நாளில் அறிக்கை வெளியிட்டன. இரண்டிலும் மாணவர்கள் தாம் ஒதுக்கப்படுவதாகவும் வாய் திறக்க அஞ்சுவதாகவும் கூறியிருந்தனர். நான்காவது, யூத வரலாற்றைப் பாடமாக நடத்த வேண்டும். ஹார்வர்டின் புகைப்பட விண்ணப்பம் முதல் ஆஷ்விட்ஸ் வரையிலான பாதையை அறிந்த மாணவர், போலந்துக்குப் போ என்ற முழக்கத்தின் பொருளையும் அறிவார்.

நம் அமைப்புகளுக்கு இதிலிருந்து கிடைக்கும் பணி தெளிவானது. அமெரிக்காவில் இயங்கும் அம்பேத்கரிய அமைப்புகள், வளாகக் கொள்கைகள் குறித்துக் கருத்து கேட்கப்படும்போது இரண்டையும் ஒரே மனுவில் எழுத வேண்டும். யூத மாணவர்மீது நடக்கும் தொல்லைக்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும் என்பது ஒன்று. அரசையோ மதத்தையோ கோட்பாட்டையோ விமர்சிப்பதைத் தொல்லை என்று வரையறுக்கக் கூடாது என்பது மற்றொன்று. இந்தியாவில் வளாகச் சமத்துவத்துக்கான வலுவான சட்டம் கோரும் நாம், நிறுவனத்தின் பொறுப்பை அதன் நடுவில் வைக்க வேண்டும். புகாருக்குக் காலவரம்பு, சார்பற்ற விசாரணை, புகார் தந்தவரைப் பழிவாங்குவதற்குத் தண்டனை, தொடர்ந்து தவறும் நிறுவனத்தின் நிதியை முறையான படிகளின் வழியே நிறுத்தும் அதிகாரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்தப் படிகளை மட்டும் விட்டுவிடலாகாது. படிகளற்ற அதிகாரத்தை இன்று நமக்கு வேண்டிய அரசு பயன்படுத்தினால், நாளை நம் மாணவர் வட்டங்களை மூடவும் அதே அதிகாரம் பயன்படும். ஹைதராபாத்தில் ரோகித் உள்ளிட்ட ஐந்து மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு, எதிரணி மாணவர் அமைப்பின் தலைவர் ஒருவரைத் தாக்கினார்கள் என்பதுதான்.